காலளவு நீர்

1779 ஏப்ரல் கடைசி வாரத்தில் இங்கிலாந்தின் சரே பகுதியிலுள்ள ஃப்ரென்ஷம் ஏரிக்கரையில் ஆறு பறவைகள் வந்து இறங்கின. அந்த நாட்டுக்குப் பழக்கமில்லாத பறவைகள். ஏரி வின்செஸ்டர் ஆயருக்குச் சொந்தமானது. ஐந்து பறவைகள் துப்பாக்கிக்கு இரையாயின. ஆர்வம் அடங்கிய ஏரிக் காவலர் ஆறாவதைப் பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டார். விழுந்தவற்றில் ஒன்று செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் வைட்டின் கைக்கு வந்து சேர்ந்தது. அதன் காலைப் பார்த்த மாத்திரத்தில், பார்ப்பவரை ஏமாற்ற யாரோ ஒட்டவைத்த கால்களோ என்று அவருக்குத் தோன்றியதாம்.

வைட் எதையும் அளந்து பார்க்கும் மனிதர். குடலை நீக்கி மிளகு அடைத்திருந்த அந்த உடல் நாலேகால் அவுன்ஸ் இருந்தது, சுமார் 120 கிராம். காலின் இறகில்லாத பகுதி மொத்தம் 8 அங்குலம். ஒப்பிடுவதற்கு அவர் பூநாரையை எடுத்துக்கொண்டார். அதன் எடை சுமார் 4 பவுண்டு, கால் 20 அங்குலம். எடை பதினைந்து மடங்கு கூடுதல் என்றால் காலும் பதினைந்து மடங்கு நீண்டிருக்க வேண்டும். பூநாரைக்குப் பத்தடிக்கு மேல் கால் முளைத்திருக்க வேண்டும். அப்படி இல்லையே. ஆகவே, எடைக்குத் தக்க அளவில் பார்த்தால் உலகிலேயே மிக நீளமான கால் இந்தச் சின்னப் பறவைக்குத்தான் என்று முடிவு கட்டினார். 1789-ல் வெளிவந்த அவருடைய செல்போர்ன் நூலில் இந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது.

கணக்கு தப்பு. எடை கன அளவோடு சேர்ந்து கூடுவது, கால் நீளமோ ஒற்றைப் பரிமாணம். பதினைந்து மடங்கு எடைகொண்ட உடலுக்குக் கால் பதினைந்தின் கனமூல அளவுக்கு, அதாவது ஏறத்தாழ இரண்டரை மடங்கு நீண்டிருந்தால் போதும். எட்டை இரண்டரையால் பெருக்கினால் இருபது. வைட் குறித்துவைத்த பூநாரைக் கால் நீளம் அதேதான். உயிர்களின் வடிவத்தைக் கணிதக் கண்ணால் பார்த்த ஸ்காட்லாந்து அறிஞர் டார்சி தாம்சன் இதைத் தம் நூலில் சுட்டிக்காட்டினார். பாதிரியார் தம்மை அறியாமலே இரு பறவைகளின் கால் விகிதமும் ஒன்றே என்பதற்கான சான்றைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார். உடலளவுக்கு நீண்ட கால் என்று பார்த்தால் பூநாரைக்கு அடுத்த இடம் இதற்கே என்று பறவை நூல்கள் இன்றும் எழுதுகின்றன.

அந்தப் பறவைதான் நெடுங்கால் உள்ளான். சென்னையில் பள்ளிக்கரணைச் சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தாமலே அதைப் பார்த்துவிடலாம். இங்கிலாந்தில் ஆறு வந்தது கடிதம் எழுதத்தக்க செய்தி. இங்கோ ஆழம் குறைந்த நீர் இருக்கும் இடமெல்லாம் கூட்டமாக நிற்கிறது. அதனாலேயே நம்மவர்கள் அதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆனால் இந்தப் பறவையின் தோற்றத்தைச் சுற்றி இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. உலகெங்கும் நிற்கும் இந்தச் சிவப்புக்கால்காரர்கள் ஒரே இனமா, பல இனங்களா? ஓர் இடத்தில் இருந்து மறு இடத்தில் இல்லாமல் போவது எதனால்? இரண்டு கேள்விக்கும் விடை ஓரளவு காலில் இருக்கிறது, ஓரளவு கழுத்தில் இருக்கிறது.

முதலில் தோற்றம். அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை 35 சென்டிமீட்டர் சுற்றளவில் வரும். எடை பெரும்பாலும் 200 கிராமுக்குள். உடல் தூய வெள்ளை. சிறகும் முதுகும் கறுப்பு. அலகு கறுத்து, நேராக, ஊசிபோல் மெலிந்தது. கண் சிவப்பு. கால் இளஞ்சிவப்புக்கும் பவளச் சிவப்புக்கும் இடைப்பட்ட நிறம். முன்னோக்கிய மூன்று விரல்கள் மட்டுமே உண்டு, பின்விரல் கிடையாது. நடு விரலுக்கும் வெளி விரலுக்கும் இடையே சிறிய சவ்வு. பறக்கும்போது இரண்டு கால்களும் வாலைத் தாண்டிப் பின்னால் வெகுதூரம் நீண்டு தெரியும். தூரத்தில் நிழலுருவாகப் பார்த்தால்கூட வேறு எந்தக் கரைப் பறவையோடும் குழம்ப வழியில்லை.

பின்னோக்கி மடங்கும் அந்தக் 'கால்முட்டி' உண்மையில் முட்டி அல்ல, கணுக்கால் மூட்டு. பறவையின் நிஜமான முட்டி இறகுகளுக்குள் உடலோடு ஒட்டி மறைந்திருக்கிறது. ஆக, நாம் கால் என்று பார்ப்பதில் கீழ்ப்பாதி நீண்டுபோன பாதம், மேல்பாதி கீழ்க்காலின் இறகில்லாத பகுதி. வைட் அதைத் தொடை என்று எழுதிவிட்டார். அக்காலத்தில் எல்லாருமே அப்படித்தான் எழுதினார்கள்.

ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய முதுகைப் பார்க்க வேண்டும். ஆணின் முதுகு பச்சை மினுக்கம் ஓடும் கருமை. பெண்ணின் முதுகில் பழுப்பு கலந்திருக்கும். இளம் பறவையின் மேலிறகுகள் பழுப்பாகி, ஓரங்கள் வெளிறியிருக்கும், காலும் மங்கல். தலையை நம்பக் கூடாது. ஒரே குளத்தில் நிற்கும் பத்துப் பறவைகளில் ஒன்றின் தலை வெள்ளையாக, ஒன்றின் உச்சி கறுப்பாக, ஒன்றின் பின்கழுத்து சாம்பல் பூசினாற்போல் இருக்கும். கறுந்தலை ஆண், வெண்தலை பெண் என்று சில கையேடுகள் சொல்வது சரியல்ல. ஆண், பெண் இரண்டிலும் இத்தனை மாதிரியும் உண்டு.

இத்தனை நீளக் கால் எதற்கு? நீருக்குள் இறங்கத்தான். சின்ன உள்ளான்கள் சேற்று விளிம்போடு நின்றுவிடும். பவளக்காலி இன்னும் கொஞ்சம் இறங்கும். நெடுங்கால் உள்ளான் ஏறத்தாழ ஒரு சாண் ஆழம்வரை வயிறு நனையாமல் நடக்கும். அதற்கு மேல் ஆழமானால் வாத்துகளின் ராஜ்யம். இந்த இடைப்பட்ட நீரடுக்குதான் அதன் மேய்ச்சல் நிலம். நீர்ப்பூச்சிகள், அவற்றின் புழுக்கள், சின்னஞ்சிறு நத்தைகள், இறால் வகைகள், எப்போதாவது ஒரு மீன்குஞ்சு என்று இரை அமையும். நீர்ப்பரப்பில் கொத்துவது, தலையை முழுக்க அமிழ்த்தித் தேடுவது, அலகைப் பக்கவாட்டில் வீசி அரிப்பது என முறைகள் பல. இரவிலும், குறிப்பாக நிலவொளியில், மேயும். கண் அதற்கு இடம் கொடுக்கிறது.

நீருக்கு வெளியே வந்தால் இதே கால் தொல்லை. கழுத்தும் அலகும் சேர்ந்தாலும் தரைக்கு எட்டாது. கணுவை மடக்கி, உடலை முன்னே சாய்த்துத்தான் தரையில் கிடப்பதை எடுக்க வேண்டும். கூட்டில் உட்காரும்போது மடக்கு நாற்காலியைச் சுருக்குவதுபோல் காலைப் படிப்படியாக மடித்து இறங்கும். மடிந்த கணுக்கள் பின்புறம் துருத்திக்கொண்டிருக்கும்.

இனி கழுத்து. 1758-ல் இயற்கையாளர் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது அவர் முன்னிருந்தது தென் ஐரோப்பியப் பறவை. பிறகு கப்பலேறிய இயற்கையாளர்கள் போன இடமெல்லாம் இதே கால், இதே அலகு, இதே கறுப்பு வெள்ளை, ஆனால் கழுத்தில் மட்டும் வேறு கோலம் என்று கண்டார்கள். அமெரிக்காவின் தென்பகுதியிலும் மெக்சிகோவிலும் கரீபியத் தீவுகளிலும் உச்சந்தலையிலிருந்து பின்கழுத்து வழியாக முதுகுவரை கருமை அறுபடாமல் ஓடுகிறது. கண்ணுக்கு மேல் ஒரு வெள்ளைப் புள்ளி. தென் அமெரிக்காவின் தென்பாதிக்குப் போனால் உச்சி வெளுத்து, கழுத்தின் கருமைக்கும் முதுகின் கருமைக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை குறுக்கிடுகிறது. ஆஸ்திரேலியா, நியூகினி, இந்தோனேசியப் பக்கங்களில் தலை வெள்ளை. பின்கழுத்தில் மட்டும் பிடரி மயிர்போல் கறுப்பு. ஹவாய்த் தீவுகளின் 'ஆயெஓ' அமெரிக்க வகையை ஒத்தது, ஆனால் கருமை கன்னத்திலும் கழுத்தின் பக்கங்களிலும் இன்னும் கீழே இறங்கியிருக்கும். நியூசிலாந்தின் 'ககி'யோ தலைமுதல் வால்வரை முழுக் கறுப்பு.

இலங்கைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இந்தியக் காவல்துறையில் பணியாற்றிய பறவையியலாளர் ஹியூ விஸ்லர், இலங்கையில் கூடுகட்டும் பறவைகள் அலகிலும் காலிலும் சற்றுக் குறுகியவை என்று கண்டு அவற்றைத் தனித் துணையினமாகப் பிரித்தார். அது 1944-ல் அச்சேறியது. இன்றைய பட்டியல்கள் அதை ஏற்பதில்லை. இந்தியப் பறவையோடு சேர்த்துவிட்டன. ஆனால் பின்கழுத்தில் ஆஸ்திரேலியச் சாயல் கொண்ட பறவைகள் அந்தத் தீவில் அவ்வப்போது கண்ணில் படுவதால் பேச்சு இன்னும் அடங்கவில்லை.

ஒரே இனம் என்போருடைய வாதம் எளிமையானது. கால், அலகு, குரல், கூடு, நடத்தை எல்லாம் பெரும்பாலும் ஒன்றுதான். கழுத்துக் கருமை ஒரே குளத்துக்குள்ளேயே மாறுகிறது. எல்லைகள் சந்திக்கும் இடங்களில் வகைகள் கலந்து போகின்றன. பிரேசிலிலும் பெருவிலும் வடக்கு வகையும் தெற்கு வகையும் இடைநிலைப் பறவைகளால் இணைகின்றன. இருபதாம் நூற்றாண்டின் பல பட்டியல்கள் இந்த வாதத்தை ஏற்று ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒரே பெயரின்கீழ் அடைத்தன. பிரிப்போர் வாதமும் வலுவானதே. கருமை மாறுகிறது என்பது ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா சார்ந்த பறவைக்கு மட்டும் பொருந்துவது. அமெரிக்கப் பறவையிலோ ஆஸ்திரேலியப் பறவையிலோ கோலம் அவ்வளவு தடுமாறுவதில்லை. இன்று சில பட்டியல்கள் ஐந்து, ஆறு இனங்கள்வரை தருகின்றன; சில ஹவாய்ப் பறவையையும் தென் அமெரிக்கப் பறவையையும் துணையினங்களாக வைத்துக்கொள்கின்றன.

கலப்பு நடந்தால் ஒரே இனம் என்ற அளவுகோலை இந்தக் குடும்பத்தில் கண்ணை மூடிக்கொண்டு வைக்க முடியாது. 1970-களில் சான்பிரான்சிஸ்கோ விலங்குக் காட்சியகத்தில் அமெரிக்க நெடுங்கால் உள்ளானும் அமெரிக்கக் கோணமூக்கு உள்ளானும் கூடிக் கலப்புக் குஞ்சு பிறந்தது. இரண்டும் வேறு பேரினங்கள். ஒன்றின் அலகு நேர், மற்றதன் அலகு மேல்நோக்கி வளைந்தது. கூண்டுக்குள் நடந்ததுதான் என்றாலும், உடற்கூறு எவ்வளவு நெருக்கம் என்பதை அது காட்டிவிட்டது. கலக்க முடியுமா என்பதைவிட, கலந்தபின் என்ன ஆகிறது என்று கேட்பதுதான் முறை.

அந்தக் கேள்விக்கு உலகிலேயே நல்ல விடை நியூசிலாந்தில் கிடைத்தது.

ககி அந்தத் தீவில் நெடுங்காலமாகத் தனித்து வாழ்ந்து கறுத்த பறவை. அதன் கால் மற்றவற்றைவிடக் கொஞ்சம் குட்டை, அலகு கொஞ்சம் நீளம். கூட்டமாகக் கூடுகட்டாமல், கூழாங்கல் ஆற்றுப் படுகைகளில் இணை இணையாகத் தனித்துக் கட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கறுப்பு வெள்ளை உறவினர்கள் வந்து குடியேறினார்கள். ஐரோப்பியர் கப்பல்களில் எலியும் பூனையும் வந்தன. முயலைக் கட்டுப்படுத்தவென்று மரநாய் வகைகளை வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள். தரைக்கூடு கட்டும் தனிமைப் பறவைக்கு இவையெல்லாம் எமன். அணைகளும் விளைநிலங்களும் ஆற்றுப் படுகைகளைக் குறைத்தன. 1981-ல் எண்ணியபோது தெற்குத் தீவின் மெக்கென்சிச் சமவெளியை ஒட்டி எஞ்சியிருந்த வளர்ந்த ககிகள் 23.

இனத்துக்குள் துணை கிடைக்காத பறவை அயலானோடு சேர்ந்தது. கறுப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாகக் கலந்த கலப்பினங்கள் பெருகின. ககி என்ற இனமே கரைந்துபோய்விடும், இனிக் காப்பாற்ற என்ன இருக்கிறது என்ற கேள்வி எழுந்தது. 2010-ல் வெளிவந்த மரபணு ஆய்வு அந்த அச்சத்தைத் தணித்தது. கலப்பு நடந்தது உண்மை, ஆனால் அயல் மரபணு ககிக் கூட்டத்துக்குள் பெரிதாக நுழையவில்லை. கலப்பினப் பெண் பறவைகளின் இனப்பெருக்கம் தூய பறவைகளுடையதைப்போல் வெற்றிபெறாததும் அதற்கு ஒரு காரணம். கலந்தும் கரையாமல் நிற்கும் ஒன்றை இனம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? ஆறு பெயர்களில் ககியின் பெயருக்கு மட்டும் இனி யாரும் வழக்காட வேண்டியதில்லை. மற்றவற்றில், அமெரிக்க வகையையும் ஆஸ்திரேலிய வகையையும் தனி இனங்களாக வைப்பதற்கு நியாயம் இருக்கிறது. ஹவாய்ப் பறவை அமெரிக்க வகையின் தீவுக் கிளை என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

ட்வைசல் ஊரிலுள்ள வளர்ப்பு மையத்தில் ககி முட்டைகளைப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்து ஆற்றுப்படுகைகளில் விடுகிறார்கள். 2020 வாக்கில் காட்டில் வாழும் வளர்ந்த பறவைகள் 160-ஐத் தாண்டின. நாற்பது ஆண்டு உழைப்புக்கு இது குறைவான எண்ணிக்கையாகத் தோன்றலாம். 23-லிருந்து தொடங்கியது என்பதை மறக்கக் கூடாது.

இங்கிருந்து பரவல் கேள்விக்கு வரலாம். லின்னேயஸ் பெயரிட்ட அந்த மூல இனத்தின் எல்லை மிக விரிந்தது. ஸ்பெயின், போர்ச்சுகல், தென் பிரான்சின் கமார்க் கழிமுகம், இத்தாலி, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி, மடகாஸ்கர், மேற்காசியா, மத்திய ஆசியப் புல்வெளி ஏரிகள், இந்தியத் துணைக்கண்டம், தென்கிழக்கு ஆசியா என்று போகிறது. ஐரோப்பியப் பறவைகள் குளிர்காலத்தில் சஹாராவுக்குத் தெற்கே இறங்குகின்றன. இந்தியப் பறவைகள் பெரும்பாலும் இங்கேயே தங்கி, மழைக்கும் வறட்சிக்கும் ஏற்ப உள்ளூருக்குள் இடம் மாறுகின்றன. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருபவை அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன.

இந்த வரைபடத்தைப் பார்த்துத் தட்பவெப்பம்தான் எல்லை வகுக்கிறது என்று எளிதில் சொல்லிவிடத் தோன்றும். கடுங்குளிர் தாங்காத பறவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் எல்லையை வகுப்பது ஒரு சாண் நீர். அந்த நீர் ஆற்று வெள்ளத்தால் தேங்கியதா, மனிதன் தேக்கியதா, நல்ல நீரா, உப்பு நீரா, சாக்கடையா என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. ஸ்பெயினின் எப்ரோ கழிமுகத்திலும் இத்தாலியின் போ சமவெளியிலும் அது நெல் வயலில் நிற்கிறது. நாற்று வேர்பிடிக்கத் தேக்கும் நீரின் ஆழம் அதன் காலுக்குத் தோதானது.

இங்கிலாந்தில் 1779-க்குப் பிறகும் அபூர்வ விருந்தாளியாகவே வந்து போய்க்கொண்டிருந்தது. 1945-ல் முதல்முறையாக அங்கே குஞ்சு பொரித்தது. இடம் எது தெரியுமா? நாட்டிங்ஹாம் நகரின் கழிவுநீர்ப் பண்ணை. கழிவுநீரைப் பரப்பி வடியவிடும் ஆழமற்ற பாத்திகள் அதற்குப் பிடித்துப்போயின. 1987-ல் நார்ஃபோக் கடற்கரையிலும், 2014-ல் மேற்கு சசெக்ஸின் மெட்மெரியிலும் குஞ்சுகள் வளர்ந்து பறந்தன. மெட்மெரி, கடல்நீரைத் தடுத்த கரையை மனிதரே உடைத்து உள்ளே விட்டு உருவாக்கிய சதுப்பு. ஐரோப்பாவின் தெற்கே வசந்தகாலம் வறண்டு நீர்நிலைகள் காயும் ஆண்டுகளில் இவை வடக்கே வழக்கத்தைவிடக் கூடுதலாக வருகின்றன. உலகம் சூடாவதால் எல்லை வடக்கே நகர்கிறது என்று சொல்பவர்கள் பாதிதான் சொல்கிறார்கள். தெற்கே குளம் காய்வதும் இந்தக் கதையில் உண்டு. கிழக்கே ஜப்பானில் 1975-ல் ஐச்சி பகுதியில் முதல் கூடு பதிவானது. அதற்குமுன் அங்கேயும் இது வழிப்போக்கன்தான்.

இந்தியாவில் இதற்கு மிகப் பழைய சான்று உப்பளம். காங்கிரஸைத் தோற்றுவித்தவர்களில் ஒருவராக நமக்குத் தெரிந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், தொழில்முறையில் ஆங்கிலேய அரசின் அதிகாரி, உள்ளத்தால் பறவைப் பித்தர். டெல்லியை அடுத்த சுல்தான்பூர் உப்புப் பாத்திகளில் நெடுங்கால் உள்ளான்கள் நூற்றுக்கணக்கில் கூடுகட்டுவதைப் பற்றி எழுதிவைத்தவர் அவர். பாத்தி நடுவிலும் வரப்பு ஓரத்திலும் சிறுகற்களைச் சேர்த்து, நீர்மட்டத்துக்கு மேல் சிறு மேடைபோல் எழுப்பி அதன்மேல் முட்டையிடும். அந்தப் பகுதியில் உப்புத் தொழில் மறைந்து வெகுகாலம் ஆயிற்று. சுல்தான்பூர் இன்று ஹரியாணாவின் தேசியப் பூங்கா.

தமிழ்நாட்டுக்கு வந்தால் வடக்கே பழவேற்காட்டில் தொடங்கி, பள்ளிக்கரணை, கேளம்பாக்கம் உப்பளம், மரக்காணம் கழுவெளி, கோடியக்கரை, தூத்துக்குடி உப்பளங்கள் என்று கடற்கரை நெடுகவும் இதைக் காணலாம். உள்நாட்டில் வற்றத் தொடங்கிய ஏரிகளிலும் நெல்லைச் சீமைக் குளங்களிலும் உண்டு. ஏரி நிரம்பித் தளும்பும் மார்கழியைவிட, நீர் பின்வாங்கிச் சேறு தெரியும் மாசி, பங்குனியில்தான் எண்ணிக்கை கூடும். நிரம்பிய ஏரி அழகுதான், ஆனால் இந்தப் பறவைக்கு அது வெறும் கடல். பாக் நீரிணைக்கு அப்பால் மன்னார், யாழ்ப்பாணக் கடல்நீரேரிகள், தெற்கே அம்பாந்தோட்டை உப்பளங்கள், பூந்தல என்று இலங்கையிலும் இதே கதை.

சென்னை தன் தெற்கு விளிம்பில் குப்பை மேட்டையும் அதை ஒட்டிய சதுப்பையும் ஒருசேர வைத்திருக்கும் விசித்திர நகரம். பள்ளிக்கரணைச் சதுப்பின் பெரும்பகுதி கட்டடங்களும் சாலைகளும் ஆகிவிட்டது; எஞ்சியது 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பெருங்குடிக் குப்பை மேட்டின் அடிவாரத்தில் நெடுங்கால் உள்ளான் சளைக்காமல் மேய்வதைப் பார்த்து, நீர் கெடவில்லை என்று யாராவது வாதிட்டால் நம்பிவிடக் கூடாது. கழிவுநீரில் செழிக்கும் புழுக்கள் அதற்கு விருந்து. மாசைத் தாங்கும் பறவை, மாசில்லாமைக்குச் சாட்சி ஆகாது.

இனப்பெருக்க காலம் வட இந்தியாவில் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை. கொளுத்தும் வெயில். தரையில் திறந்த கூடு. ஆணும் பெண்ணும் மாறி மாறி நான்கு முட்டைகளை மூன்றரை வாரம்வரை காக்கின்றன. இங்கே அடைகாப்பது என்பது சூடேற்றுவதைவிடச் சூட்டைத் தடுப்பது. பறவை நீரில் இறங்கி வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் நிற்கும் அல்லது உட்காரும். ஈரம் முட்டையைக் குளிர்விக்கும். கூட்டின் வெப்பம் தணியும். இதற்கு நீர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கூடு நீர்விளிம்பை ஒட்டியே அமைவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் வரும் ஆபத்து வெள்ளம். நீர்மட்டம் ஏறினால் இணை அவசர அவசரமாகக் குச்சி, களை, கல் என்று கிடைத்ததைக் கூட்டுக்குள் செருகி முட்டைகளை உயர்த்தும். ஓரளவு வெல்லும். மதகைத் திறந்துவிட்டால் தோற்கும்.

நாயோ நரியோ மனிதரோ நெருங்கினால் பெரியவர்கள் 'கிக் கிக்' என்று கத்திக்கொண்டு தலைக்கு மேல் சுற்றும். ஒன்று சிறகு முறிந்ததுபோல் தரையில் புரண்டு பகைவனைத் தூரமாக இழுத்துச் செல்லும். அமெரிக்க வகையில் பல பறவைகள் ஒன்றுகூடி எதிரியைச் சூழ்ந்து, சிறகடித்துக்கொண்டு மேலும் கீழுமாகக் குதிக்கும். குஞ்சுகள் பொரிந்த சில மணி நேரத்திலேயே நடக்கும். ஆபத்தென்றால் தரையோடு படிந்து அசையாமல் கிடக்கும். அந்த வயதில் கால் அவ்வளவு நீளமில்லை. பறக்கத் தேறுவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதுவரை நீர் வற்றாமலும் பெருகாமலும் இருக்க வேண்டும்.

இப்படி நிலையாக ஒரு சாண் நீரைத் தேடும் குடும்பத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் பட்டை நெடுங்கால் உள்ளான். மார்பில் செம்பழுப்புப் பட்டை கொண்ட பறவை. கடற்கரைகளில் ஆயிரக்கணக்கில் தெரிந்த இது எங்கே கூடுகட்டுகிறது என்பது 1930 வரை யாருக்கும் தெரியாது. உள்நாட்டுப் பாலைவனத்தில் ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடக்கும் உப்பேரிகள் மழையில் நிரம்பும்போது அங்கே லட்சக்கணக்கில் உப்பு இறால்கள் பொரிகின்றன. அதைத் தேடிப் பறவைகள் கடற்கரையிலிருந்து கிளம்பிவிடுகின்றன. செயற்கைக்கோள் கருவி பொருத்தி ஆராய்ந்தபோது, ஒரு பறவை இரண்டே நாள்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து போயிருந்தது. மழை பெய்த செய்தி அதற்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது ஆய்வாளர்களை இன்னும் திகைக்கவைக்கிறது. இதன் பரவல் எல்லையை வரைபடத்தில் வண்ணம் தீட்டிக் காட்டினால், பெரும்பாலான ஆண்டுகளுக்கு அது பொய்.

மூல இனத்துக்கு உலக அளவில் ஆபத்து இல்லை என்பதே பாதுகாப்புப் பட்டியல்களின் கணிப்பு. ஆனால் ஆழமற்ற தேங்கு நீருக்கே உரிய நோயொன்று உண்டு. 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பர் உப்பேரியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் சில நாள்களுக்குள் மடிந்தன. நெடுங்கால் உள்ளான்களும் அவற்றில் இருந்தன. காரணம் பாட்டுலிசம் என்னும் நோயின் நரம்பு நஞ்சு. உயிர்வளி குறைந்த வெப்பமான சேற்றில் ஒரு பாக்டீரியா அதை உண்டாக்குகிறது. செத்த பறவையின் உடலில் நெளியும் புழுக்களில் நஞ்சு சேர்கிறது. அவற்றைத் தின்ற பறவையும் சாகிறது. செத்த உடல்களை உடனுக்குடன் அகற்றுவதும் நீரோட்டத்தைச் சீராக்குவதும்தான் வைத்தியம்.

இதே நோய் ஹவாயிலும் ஆயெஓவைத் தாக்குகிறது. அங்கே மொத்தமே இரண்டாயிரம் சுற்றளவில்தான் பறவைகள். ஒருகாலத்தில் வேட்டையாடினார்கள், 1940-களின் தொடக்கத்துக்குள் அது தடைசெய்யப்பட்டது. பெரிய அடி விழுந்தது நிலத்தில். ஹவாய்ப் பூர்வகுடிகள் சேப்பங்கிழங்கை நீர் தேக்கிய பாத்திகளில் பயிரிட்டு வந்தார்கள். கரும்புத் தோட்டங்களும் பிறகு நகரங்களும் அந்த நீரையும் நிலத்தையும் எடுத்துக்கொண்டபோது பறவை ஒதுங்க இடமில்லாமல் போயிற்று. 1970-ல் அருகிவரும் இனமாக அறிவித்தார்கள். காவாய் தீவின் ஹனலே பள்ளத்தாக்கில் 1972-ல் அமைந்த தேசிய வனவிலங்குப் புகலிடத்துக்குள் விவசாயிகள் உரிமம் பெற்றுச் சேப்பங்கிழங்கு பயிரிடுகிறார்கள். கிழங்கு எடுத்து நிலம் திறந்து கிடக்கும் பாத்திகளிலும், புதிதாக நீர் கட்டிய பாத்திகளிலும் ஆயெஓ இறங்கி மேய்கிறது. இலை அடர்ந்து மூடிவிட்ட பாத்திகளை அவ்வளவாக விரும்புவதில்லை. ஆகவே எல்லா வயலும் ஒரே பருவத்தில் இல்லாமல், ஒன்று மாற்றி ஒன்று நடவும் அறுவடையுமாக இருப்பதே அதற்கு அனுகூலம். 2021-ல் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை இதன் ஆபத்து நிலையை ஒரு படி குறைக்கலாம் என்று முன்மொழிந்தது. எண்ணிக்கை பல ஆண்டுகளாகச் சரியாமல் நிற்கிறது என்பது அதன் நியாயம். கீரி, பூனை, எலிகளைப் பொறிவைத்துப் பிடிப்பதையும், அடர்ந்து வளரும் களையை வெட்டுவதையும், நீரை ஏற்றி இறக்குவதையும் நிறுத்தினால் அந்த எண்ணிக்கை நிற்காது என்பதை அதே துறையும் மறுக்கவில்லை.